சிலிண்டரும் கற்பூரமும்

கண்ணு,

திங்கட்கிழமை மதியம் கொடுமுடியில், உனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்த சென்னியப்பனை அவர் வீட்டிலேயே வைத்துக் கன்னத்தில் அறைந்தேன். கை தவறிப் பட்டதல்ல, ஓங்கித்தான் அறைந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி சுவரில் மோதி உடைந்தது. கையிலிருந்த தட்டு பறந்து, எரிந்துகொண்டிருந்த கற்பூரம் கூடமெங்கும் சிதறியது. நீ அப்போது பக்கத்து அறையில் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டு, வலது கண்ணை முஷ்டியால் குத்திக்கொண்டு, கட்டில் காலை உதைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு எதுவும் தெரியாது. பிறகு யார் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, “கல்யாணம் வேண்டாம்ப்பா, நிறுத்திடுங்க” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு போனை அணைத்துப் போட்டிருக்கிறாய். நீ தங்கியிருக்கிற கோயம்புத்தூர் அறைக்கு வந்து கதவைத் தட்டலாம். தட்டினால் நீ திறக்க மாட்டாய், நான் உடைப்பேன். இந்த வாரத்துக்கு உடைத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று சொல்.

இந்த வலி உனக்கு முதலில் வந்த வருஷத்தை நினைத்துப் பார். சூலூரில் நம் பழைய இரும்புக் கிடங்கில், மூடிய மில் ஒன்றின் நூற்பு இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தோம். நீ பேசிக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் எழுந்து போய், லாரியில் ஏற்ற வைத்திருந்த இரும்புச் சட்டத்தில் நெற்றியை மோதினாய். ஒரு தடவை அல்ல. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் முடியவில்லை. வலது கண் ரத்தம் கட்டிச் சிவந்து, இமை தொங்கி, அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகியது. சுத்தியலை எடுத்து என் கையில் திணித்து, “கண்ணு மேல ஒண்ணு போடுங்கப்பா” என்றாய். ஆட்கள் நீ குடித்திருக்கிறாய் என்று நினைத்தார்கள். நானும்தான் உன் வாயை மோந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வலி வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வந்தது. ஒருவர் பல் என்றார், நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஒருவர் சைனஸ் என்றார். உன் அம்மா தன் ஒற்றைத் தலைவலி மாத்திரையைக் கொடுத்தாள். எதுவும் அதைத் தொடவில்லை.

உன் அம்மாவுக்கு வருவது வேறு ஜாதி வலி. வந்தால் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, கட்டை மாதிரி படுத்துக்கொள்வாள். அடுப்படியில் கரண்டி விழுந்தால் கூட வாந்தி எடுப்பாள். அவள் ஒரு காலத்தில் மருந்துக்கடையில் வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி, காபி குடிக்கிற மாதிரி தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் மாத்திரை போட்டதாலேயே தலைவலி வருகிறது என்றார்கள். அதை நிறுத்திய வாரம் வீட்டில் பாத்திரம் பறந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். “என்னயக் கொல்றதுக்கா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்க?” என்று குழம்புச் சட்டியை என் மேல் எறிந்தாள். அதற்குப் பிறகுதான் வலி வராமலே தடுக்கிற மருந்தை அவளுக்குத் தொடங்க முடிந்தது. இன்று மாசத்தில் ஓரிரு நாளோடு போகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் உன் சட்டைப் பையில் அவளுடைய பழைய மாத்திரை அட்டை ஒன்றைப் பார்த்தேன். அதைத் தூக்கிப் போடு. அது உன் வலிக்கு வேலை செய்யாது, புது வலி ஒன்றைத்தான் சேர்த்துக் கொடுக்கும்.

கோயம்புத்தூரில் அந்த நரம்பு டாக்டரம்மா உன்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியை நான் மறக்கவில்லை. “வலி வந்தா படுத்துக்குவீங்களா, நடப்பீங்களா?” நீ வாய் திறக்குமுன் நான், “படுக்கறதுங்களா? செவுத்த இடிப்பானுங்க” என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். கொத்துத் தலைவலி என்று பெயர் சொன்னார். சில வாரம், சில மாசம் கூட்டமாக வரும், கடிகாரம் பார்த்து வரும், பிறகு மொத்தமாகப் போய்விடும், மறுபடி வரும் என்றார். மருந்து இரண்டு வகை. வந்துவிட்டதை அடித்து விரட்டுவது ஒன்று, வராமல் வாசலில் நிற்க வைப்பது இன்னொன்று. விரட்டுவதற்கு வேகமாக விடும் ஆக்சிஜன், இல்லாவிட்டால் சுமாட்ரிப்டான் ஊசி. வாசல் காவலுக்கு வெரபமில் மாத்திரை, அது பிடிக்கிற வரை சில நாளைக்கு ஸ்டீராய்டு. ஆக்சிஜன் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது எங்க கிடங்குலயே நெறைய கெடக்குதுங்களே” என்றேன். “இரும்பு அறுக்கற சிலிண்டரப் பையன் மூஞ்சில வெச்சுராதீங்க. மருந்துக்குன்னு தனியா வாங்குங்க. மாஸ்க்கும் நான் எழுதித் தர்றதுதான்” என்றார் அவர். நம் ஆட்கள் செய்யக்கூடியது என்னவென்று அந்தம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆக்சிஜனைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் கிடங்கில் ஒருவன் கிரீஸ் பட்ட கையோடு ரெகுலேட்டரைத் திருகினான். வெடித்த சத்தம் கேட்டுத் திரும்புமுன் அவன் சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து தோள் வரை எரிந்து தோலோடு ஒட்டிவிட்டது. அந்த வாயு தானாக எரியாது. எரிகிற எதையும் வெறி பிடிக்க வைக்கும். எண்ணெய், துணி, மயிர் எதுவும் தப்பாது. அன்றிலிருந்து சிலிண்டர் பக்கம் பீடியோடு வருகிறவனிடம் நான் பேசுவதில்லை. முதலில் அறை விழும், விளக்கம் அப்புறம். அப்படி என்னிடம் வாங்கியவர்கள் இன்றைக்கும் உயிரோடு, முழுத் தோலோடு வேலை செய்கிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் கிடங்கு வாசலோடு நிற்கவில்லை.

இந்த முறை வலி, நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு தொடங்கியது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வந்தது. திங்கட்கிழமை கொடுமுடிக்குக் காரில் போகும்போது நீ, “சொல்லிடலாம்ப்பா” என்றாய். நான், “தாலி ஏறட்டும்” என்றேன். என் வியாபாரம் அப்படி. வாங்குகிறவன் கேட்காத குறையை நான் எடுத்துக் காட்டுவதில்லை. அவன் கண் அவனுக்கு, என் வாய் எனக்கு. டிக்கியில் சிலிண்டரைப் படுக்க வைத்துப் போர்வையால் மூடினோம். சென்னியப்பன் வாசலிலேயே வண்டியைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க சம்பந்தி, பின்னாடி வண்டி இப்புடித் தாழுது?” என்று கேட்டார். “கிடங்குச் சாமானுங்க” என்றேன். காலையிலேயே உப்பும் சர்க்கரையும் மாற்றிச் சம்மதத்தை உறுதி செய்துகொண்டோம். மதியத்துக்கு முன் கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு. அவர்களுடைய சொந்தக்காரர்கள் ஆனைமலையிலிருந்து வந்து சேரவில்லை, வராமல் இலை போடவும் மாட்டார்கள். “ராகுகாலத்துக்கு முன்னாடி கெளம்போணுங்க” என்று ஒரு பொய் சொன்னேன். “திங்கக்கெழமைக்கு ராகுகாலம் வெடியாலயே முடிஞ்சுதுங்களே. எங்கூட்டுச் சோறு அவ்வளவு பயமா சம்பந்தி?” என்றார் சென்னியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் வலது கண்ணில் தண்ணீர் நிறையத் தொடங்கியிருந்தது.

இலையில் சோறு விழுந்ததும் நீ எழுந்தாய். பந்தியில் பாதியில் எழுந்த மாப்பிள்ளையை எல்லோரும் பார்த்தார்கள். பக்கத்து அறைக்குள் போய் நிலைக்கட்டையில் தலையை இடித்தாய். அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டது. பெண் சுகன்யாவின் சித்தப்பா ஓடிவந்து, “புடிங்க, புடிங்க, வலிப்பு” என்று உன் இரண்டு கையையும் பின்னால் முறுக்கினார். நீ தலையைப் பின்னால் எறிந்ததில் அவர் உதடு கிழிந்து, வேட்டியெல்லாம் ரத்தம். “பேய் புடிச்சவனாட்டம் அடிக்கறாண்டா” என்று அவர் கத்தினார். நான் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். உன்னை உட்கார வைத்து, மாஸ்க்கைக் கட்டி, வால்வைத் திறந்தேன். அதன் சீறல் கேட்டதும் உன் உதை கொஞ்சம் தளர்ந்தது. எல்லோரையும் வெளியே தள்ளினேன். யாருக்கும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. நேரம் இல்லை என்று உனக்குச் சொல்லலாம். அப்போதும் மறைக்கத்தான் பார்த்தேன் என்பதுதான் நிஜம்.

திரும்பினால் அறை வாசலில் சென்னியப்பன். தட்டில் மிளகாய், உப்பு, நடுவில் கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரம். “கண்ணு பட்டிருக்குதுங்க, மாப்ளைக்கு ஒரு சுத்து சுத்திப்போட்டா நின்னுபோகும்” என்று உள்ளே கால் வைத்தார். மாஸ்க்கிலிருந்து வழிந்த வாயு உன் பட்டுச் சட்டை முழுக்க இறங்கியிருந்தது. அந்தத் தட்டு உன் முகத்தருகே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால், உன் முகம் இருந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் கை வாயை விட வேகமாகப் போனது. கற்பூரத் துண்டு ஒன்று அவர் வேட்டிக் கரையில் விழுந்து பற்றியது. உன் அம்மா வெறுங்காலால் மிதித்து அணைத்தாள். அவள் பாதத்தில் இன்னும் கட்டு இருக்கிறது, நீ கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது பேச்சல்ல. “பொண்ணெடுக்க வந்த ஊட்டுல பொண்ணப் பெத்தவன் மேல கை வெக்கறயா?” என்று சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். பிடித்த இடம் கிழிந்தது. நானும் அவர் கழுத்தைப் பிடித்தேன். உன் அம்மா நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் அடி வைத்தாள். சென்னியப்பன் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றார். “உள்ள ஓடறது ஆக்சிஜனுங்க, தீ பட்டா பையன் எரிஞ்சு போவான்” என்று நான் அப்போதுதான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “இத வாசல்ல கேக்கறப்பவே சொல்லியிருந்தா நான் தட்டெடுத்திருப்பனுங்களா? நான் கேட்டனா இல்லயா?” என்றார். இத்தனை வருஷத்தில் பேரத்தில் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

அந்தக் கூச்சலுக்குள் சுகன்யா என்னைத் தாண்டி உன் அறைக்குள் போனாள். கையிலிருந்த வளையல், தலையிலிருந்த பூ எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனாள். ஏன் என்று பிறகு கேட்டேன். “எதுல தீ பத்தும்னு எனக்குத் தெரியலீங்க மாமா, அதான்” என்றாள். நீ அவளைப் பார்க்கவில்லை. அவள் உன்னை நன்றாகப் பார்த்தாள். உன் எச்சில், உன் ரத்தம், நீ உதைத்த கட்டில் எல்லாவற்றையும் பார்த்தாள். வலி இறங்கி, நீ துணி மாதிரி சரிந்த பிறகுதான் வெளியே வந்தாள்.

நீ போனை அணைத்தது செவ்வாய். புதன்கிழமை சுகன்யா திருப்பூரிலிருந்து பஸ் ஏறி, தனியாக, சூலூர் கிடங்குக்கு வந்துவிட்டாள். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டுக்காரனிடம் விலையும் தவணையும் பேசுகிற வேலையில் இருக்கிறாள் என்பதை நாம் ஜாதகத்தோடு சேர்த்துப் படித்தோம், மதிக்கவில்லை. இரும்பு அறுக்கிற சத்தத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, “மாமா, சரக்க முழுசாக் காட்டுங்க” என்றாள். ஊசியையும் மாத்திரையையும் டாக்டர் எழுதியதையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஊசி ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போடக் கூடாது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், இருதயத்தில் கோளாறு இருந்தால் கூடவே கூடாது என்றேன். வெரபமில் அளவைக் கூட்டுகிற ஒவ்வொரு முறையும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்றேன். “கடைசியா எப்ப எடுத்தாரு?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? வலி வருகிற காலத்தில் ஒரு மடக்கு மது கூட வலியைக் கூட்டி வரும் என்றேன். “அப்ப அவரோட பிரண்டுங்க பேச்சிலர் பார்ட்டின்னு ஆடறதெல்லாம்?” என்றாள். பிள்ளைக்கும் வருமா என்று கேட்டாள். சில குடும்பத்தில் வருகிறதாம், வரும் என்றோ வராது என்றோ டாக்டர் சொல்லவில்லை என்றேன். முதல் தடவையாக ஒரு பேரத்தில் எனக்குத் தெரிந்த குறையையெல்லாம் கேட்காமலே கொட்டினேன்.

“சித்தப்பா ஒரே குதியாக் குதிக்கறாருங்க. அப்பா பேசவே இல்ல. ஆனா இதே வலி வேற ஊட்டுல எனக்கே வந்திருந்தா, என்னயப் பைத்தியம்னு திருப்பி அனுப்பியிருப்பாங்கல்ல?” என்றாள். நான், “அம்மணி, அவன் வேண்டாங்கறான்” என்றேன். “அத அவரு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டுங்க. உங்களுக்கு மெசேஜ் போட்டா அது எனக்குச் சொன்னதாகுமா?” என்றாள். கண்ணு, வலி வரும்போது நீ என்ன கெஞ்சுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுத்தியலை நான் அன்றே உருக்கப் போட்டுவிட்டேன். அந்தக் கெஞ்சல் உன் பேச்சல்ல, வலியின் பேச்சு என்று டாக்டரம்மா சொன்னார். செவ்வாய்க்கிழமை அனுப்பிய வரியும் அதன் பேச்சாகத்தான் எனக்குத் தெரிகிறது. உனக்கு வலி இல்லாத ஒரு நேரத்தில் அவளிடம் நேரில் பேசு. அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் சொல், நான் தலைகுனிந்து போய் உப்பையும் சர்க்கரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

வேண்டும் என்றால், வியாழக்கிழமை நானும் சென்னியப்பனும் சுகன்யாவும் உட்கார்ந்து பேசி முடித்தது இது. அவர் வீட்டுக் கூடத்தில், அன்று இருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை உறை ஒட்டாமல் உன் அம்மா கையில் கொடுத்து, யார் கேட்டாலும் படிக்கக் கொடு என்று சொல்லியிருப்பது அதனால்தான். நீ நாளைக்கே போனைத் திறந்து, டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்து, மருந்தை அவர் சொன்னபடி மட்டும் போட வேண்டும். கல்யாணத் தேதி மாறாது. மண்டபத்தில் உன் அறையில் சிலிண்டர் இருக்கும். விளக்கோ கற்பூரமோ பீடியோ அந்தப் பக்கம் வராமல் அந்த வாசலில் நிற்கிற வேலையைச் சென்னியப்பன் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். “இனி எனக்குத் தெரியும்ல, எவன் வாரான்னு பாக்கறன்” என்றார். கடைசியாக ஒன்றில்தான் நான் இழுத்துப் பிடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு வலி வந்தால் அறைக்குள் நான் வரக் கூடாது என்றாள் சுகன்யா. “அவன் உதைப்பானே அம்மணி” என்றேன். “உதைக்கட்டுங்க. கால் எட்டற எடத்துல நான் எதுக்கு நிக்கறன்? நீங்க உள்ளயே இருந்தா நான் எப்பத்தான் கத்துக்கறது?” என்றாள். சென்னியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசிப் பார்த்தேன், அவள் இறங்கவில்லை. சிலிண்டர் சாவி அவளிடம், ஊசி அவளிடம், உள்ளே அவள் மட்டும். உன் அம்மாவும் நானும் கதவுக்கு வெளியே, அவள் கூப்பிட்டால் மட்டும் உள்ளே. சரி என்று சொல்லிவிட்டேன்.